இரண்டாம் பதிப்பு

கரண்ட் போய்வந்த இரவு.
மடிக்கணினியில் பதினெட்டு வீதம் பற்றரி.
தரம் ஏழுக்கு "நம் கடல்" என்றோர் அலகு.
விலையில்லை; யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம்
என்று அடியில் எழுதிவிட்டேன்.
மேலே எழுதத்தான் ஒன்றும் இல்லை.

கேட்டேன்.
நாற்பது வினாடியில் பத்துப் பக்கம் தந்தது.
ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.
கொஞ்சம் பொறாமையோடுதான் சேமித்தேன்.

எட்டாம் பக்கம்:
"ஆனி, ஆடியில் பருவமழை வலுக்கும்.
கடல் கொந்தளிக்கும்.
மீனவர் வலைகளைக் கரையேற்றி
வீட்டில் இருப்பர்."
எவ்வளவு வடிவான வசனம்!
ஒரு சொல்லும் இடறவில்லை,
அதனால் நானும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை, மூன்றாம் பாடம், சாம்பல்தீவு.
இரண்டு மின்விசிறியில் ஒன்று ஓடுகிறது.
லக்சாயினி நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறாள்.
கடைசி வாங்கிலிருந்து துவாரகன் கை உயர்த்தினான்:
"மிஸ், இது எந்த ஊர்க் கடல்?"

வகுப்பே சிரித்தது.
"ஆனியிலதான் மிஸ் கரைவலை.
ஆனியிலதான் அப்பாவை
வீட்டில காணக் கிடைக்காது.
வாடை எழும்பினாத்தான் கடல் அடிக்கும்,
கார்த்திகையில, மார்கழியில."

சன்னலுக்கு வெளியே கிடந்தது
அயன் பண்ணின சட்டைபோல
ஆனி மாதக் கடல்.
கரையில் ஒரு போட் இல்லை.
இந்த ஊரில் பிறந்து
முப்பத்தாறு ஆனி கண்டவள் நான்.
அன்றிரவு திரையைத்தான் பார்த்திருந்தேன்.

அதற்குள் அது பயணம் போய்விட்டிருந்தது.
மூதூரில் யாரோ படம் சேர்த்து மெருகேற்றியிருந்தார்.
ஹற்றனில் ஒரு தோட்டப் பாடசாலை
நன்றி சொல்லிக் கடிதமே போட்டிருந்தது.
கிண்ணியாவில் நிஸ்மியா ரீச்சர் எண்பது படி எடுத்திருந்தார்.
அழைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"எங்கட புள்ளையள் அண்டைக்கே சொன்னாங்க.
அச்சில இருக்கே எண்டு
நான்தான் அதட்டி இருத்திட்டன்."

நான் திறந்துவைத்த கதவு.
பிழைக்கும் அதில் சுங்கம் கிடையாது.

சனிக்கிழமை விடிய சல்லிக் கரைக்குப் போனேன்.
மீன் ஏலம் கூறும் ஜெசிந்தா
தராசில் ஒரு கண்ணும் என்னில் ஒரு கண்ணுமாய்
சோளகம், கச்சான், கொண்டல், வாடை என்று
காற்றைக் கணக்குப் பிரித்துச் சொன்னாள்.
"பேர் போடலாமா?"
"போடு. போன் நம்பரைப் போடாத."

இயந்திரத்தைத் தூக்கி எறியவில்லை.
முப்பது வினா வரைந்து தரச் சொன்னேன்;
பதினொன்றை வெட்டினேன்.
மெதுவாக வாசிக்கும் லக்சாயினிக்கென்று
நீள வசனங்களை உடைத்துத் தந்தது.
அது நல்ல உதவி, மறுக்கமாட்டேன்.

பிள்ளைகள் எழுதிய கட்டுரைகள் இருபத்தேழு.
"எங்கள் வீட்டுக் கடல்."
படமெடுத்து ஏற்றினால்
ஒரு நிமிடத்தில் சுருக்கம் கிடைக்கும்.
முதல் கொப்பியைத் திறந்தேன்.
மூன்றே வரி.
மூன்றாவதில் ஒரு போட்டின் இலக்கம்,
திரும்பி வராத திகதி.
போனைக் குப்புற வைத்தேன்.
விடியும்வரை நானே வாசித்தேன்.

இரண்டாம் பதிப்பின் கடைசிப் பக்கத்தில்
சின்ன எழுத்தில் இப்படி இருக்கிறது:
வினாக்களின் முதல் வரைவு இயந்திரத்தினது.
காற்றும் மாதமும் ஜெசிந்தா சொன்னவை, சல்லி.
எட்டாம் பக்கப் பிழையைப் பிடித்தது
தரம் ஏழு, கடைசி வாங்கு.
(பெயர் போட அவன் தாய் விரும்பவில்லை;
அவன் இரண்டு நாள் முகம் தரவில்லை.)
மிச்சப் பிழை எல்லாம் என்னுடையவை.

மூதூர் மாற்றிவிட்டது.
கிண்ணியா எண்பதையும் திருப்பி வாங்கி
பேனையால் வெட்டி எழுதியது.
ஹற்றனுக்கு மூன்று தரம் அனுப்பிவிட்டேன்.
பதில் இல்லை.

அங்கே ஆனியில் மழை பெய்யும்.
கடல் காணாத ஒரு பிள்ளை
பழைய எட்டாம் பக்கத்தை வாசித்துவிட்டு
சன்னலைப் பார்க்கும்.
வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்.
சரிதான் என்று
அடுத்த பக்கம் புரட்டும்.